நிறுத்தி வைத்த காரும் காற்றைக் கெடுக்குமா?

மாணவர்களே, அடுத்த முறை அப்பாவோ அண்ணனோ பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் அடிக்கும்போது காரின் நிழலைக் கொஞ்சம் கவனியுங்கள். சாய்வெயில் அடிக்கும் காலை அல்லது மாலை வேளையாக இருந்தால் நல்லது. குழாய் சொருகியிருக்கும் இடத்தின் நிழலுக்குப் பக்கத்தில், சூடான சட்டிக்கு மேலே தெரிவதுபோல, ஏதோ ஒன்று நெளிந்து நெளிந்து கீழே இறங்குவது தெரியும். தீ இல்லை, புகை இல்லை, எஞ்சினும் அணைந்திருக்கிறது. பிறகு நெளிவது என்ன?

பெட்ரோல் ஆவிதான். கண்ணுக்குத் தெரியாத இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அதனால்தான் மேலே எழும்பாமல் வழிந்து தரைக்கு வருகிறது. ஒளி அதன் ஊடே போகும்போது சற்று வளைவதால் நிழலில் நெளிவு தெரிகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடிய திரவம் பெட்ரோல். சுங்கைப்பட்டாணியின் 33 டிகிரி வெயிலில் கேட்கவா வேண்டும்?

வாகனத் தூய்மைக்கேடு என்றதும் நம் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது புகைக்குழாய். அதைப் பற்றிப் பாடநூலில் நிறையவே இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. எஞ்சின் ஓடாமல், சாவி சட்டைப்பையில் இருக்கும்போதே ஒரு வாகனம் காற்றில் கலக்கும் மாசு இது. புகைபோல் கண்ணை எரிப்பதில்லை, அதனால் யாரும் குறை சொல்வதும் இல்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு. தொட்டியில் பெட்ரோல் இல்லாத இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. அங்கே காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து நிரம்பியிருக்கும். 40 லிட்டர் பெட்ரோலை உள்ளே ஊற்றினால் 40 லிட்டர் ஆவிக்காற்று வெளியே தள்ளப்பட்டாக வேண்டும். அதைப் பிடிக்க எந்த ஏற்பாடும் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் பெட்ரோல் ஆவியாகப் போகிறது. 40 லிட்டருக்கு 52 கிராம். திரவமாக்கினால் சுமார் 70 மில்லிலிட்டர், அதாவது சின்ன தேநீர்க் கிளாஸில் பாதி. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான் அதுவும்.

எண்ணெய் அடிக்கும்போது மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். காலையில் 24 டிகிரியில் இருந்த கார், பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்று சூடாகிறது. தொட்டிக்குள் இருக்கும் காற்று விரிகிறது. பெட்ரோலும் கூடுதலாக ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து வெளியே வழி தேடும். இரவு குளிர்ந்ததும் வெளிக்காற்று உள்ளே போகும். தொட்டி நாளுக்கு ஒரு முறை மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டிக்கு மூச்சு பெரிது, ஏனென்றால் ஆவி நிற்கும் இடம் அங்கே அதிகம். கெடாவில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைந்து, காலைக்கும் மதியத்துக்கும் வெப்ப வேறுபாடு கூடும் மாதங்களில் இந்த மூச்சும் கூடும். இதைத் தவிர, ஓடி நின்ற எஞ்சினின் சூட்டில் கிளம்பும் ஆவி ஒன்று. ரப்பர் குழாய், பிளாஸ்டிக் தொட்டி ஆகியவற்றின் சுவரை மெல்ல ஊடுருவி வரும் ஆவி ஒன்று.

சரி, ஆவி பறந்தால் என்ன? பரந்த வானத்தில் கலந்து காணாமல் போய்விடாதா? நியாயமான கேள்வி. அதற்கு விடை கிடைத்த கதை அமெரிக்காவில் நடந்தது. ஆனால் அதன் தொடக்கத்தில் நம் கெடாவும், கதையின் திருப்பத்தில் ரப்பரும் வருகின்றன.

ஜித்ராவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. தாய்லாந்து எல்லை வழியாக வந்த இன்னொரு படை டிசம்பர் 11 முதல் 13 வரை கெடாவின் ஜித்ராவில் பிரிட்டிஷ் படையோடு மோதி அதைப் பின்வாங்க வைத்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்தது. நம் தோட்டங்களில் இருந்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை. தாத்தா பாட்டியிடம் கேட்டால் மரவள்ளிக்கிழங்கையும் சயாம் மரண ரயிலையும் பற்றிச் சொல்வார்கள். இங்கே நமக்கு வேண்டியது வேறொரு விளைவு: டயருக்கு வேண்டிய ரப்பரை மலாயாவிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் வாங்கி வந்த அமெரிக்காவுக்கு அந்த வழி அடைபட்டது. வேறு வழியில்லாமல் அவர்கள் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அவசர அவசரமாகக் கட்டினார்கள். செயற்கை ரப்பருக்கு மூலப்பொருளான பியூட்டடையீனைத் தயாரிக்கும் ஆலை ஒன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நடுவில், அலிசோ தெருவில் வந்தது.

1943 ஜூலையில் அந்த நகரத்தை ஒரு விசித்திரமான மூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, பட்டப்பகலில் சில தெருக்களுக்கு அப்பால் இருப்பது தெரியவில்லை. பழி உடனே அலிசோ தெரு ஆலைமேல் விழுந்தது. ஆலையைச் சில காலம் நிறுத்தியும் பார்த்தார்கள். மூட்டம் போகவில்லை.

உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய வேதியியலாளர் ஆரி ஹாகன் ஸ்மிட். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அவர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப்பழம்! பழத்தின் மணத்துக்கு எந்தெந்தப் பொருள்கள் காரணம் என்று கண்டறிய, அதன் ஆவியைக் குளிர வைத்துத் திரவமாக்கிப் பிரித்துப் பார்ப்பது அவர் வேலை. அதே முறையில் நகரத்தின் காற்றைக் குளிர வைத்தார். கொஞ்சம் பழுப்புத் திரவம் கிடைத்தது. பெட்ரோலிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன்கள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவான பொருள்கள் அதில் இருந்தன.

அவருடைய விளக்கம் இதுதான். எரியாத பெட்ரோல் ஆவி ஒரு பக்கம். எஞ்சினின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இன்னொரு பக்கம். இரண்டும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் பிறக்கிறது. புகைக்குழாயிலிருந்து நேராக வருவதல்ல இந்த ஓசோன், காற்றிலேயே சமைக்கப்படுவது. அடுப்பு, சூரியன்.

இதை நிரூபிக்க ஓசோன் இருப்பதைக் காட்ட வேண்டுமே. இன்றிருப்பது போன்ற கருவிகள் அன்று கிடையாது. அவரும் அவருடைய கூட்டாளிகளும் எடுத்தது ரப்பர் துண்டை. வளைத்து வைத்த ரப்பர் துண்டை நகரத்துக் காற்றில் வைத்தால் அதில் வெடிப்பு விழுந்தது. மூட்டம் மிகுந்த நாளில் சீக்கிரம் விழுந்தது. தெளிந்த நாளில் நெடுநேரம் பிடித்தது. எவ்வளவு நேரத்தில் வெடிப்பு விழுகிறது என்பதை வைத்து ஓசோனின் அளவையே கணக்கிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் டயர்கள் மற்ற ஊர்களைவிட விரைவாக வெடித்துப்போனதன் காரணமும் புரிந்தது. எந்த ரப்பர் கிடைக்காமல் போனதால் அந்த ஆலை கட்டப்பட்டு வீண்பழி சுமந்ததோ, அந்த ரப்பரே சாட்சி சொல்லி ஆலையை விடுவித்தது.

ரப்பருக்கு ஏன் ஓசோன் ஆகாது? படிவம் ஐந்து வேதியியலில் பாலிமர் பாடம் படித்தவர்களுக்கு எளிதில் விளங்கும். பால்மரத்தின் பாலில் இருப்பது ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஓசோன் குறிவைப்பது அந்த இரட்டைப் பிணைப்பை. அங்கே சேர்ந்து சங்கிலியை வெட்டிவிடுகிறது. ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால் வெட்டுப்பட்ட இடம் விரிந்து வெடிப்பாகத் தெரியும். டயர் செய்பவர்கள் மெழுகும் ஓசோன் தடுப்பு மருந்தும் கலப்பது இதற்காகத்தான். பழைய டயரின் பக்கவாட்டில் படியும் பழுப்பு நிறம் பெரும்பாலும் அந்த மருந்து வெளியே கசிந்து வந்ததே, அழுக்கு அல்ல.

ரப்பரைக் கடிக்கும் பொருள் நம் நுரையீரலை மட்டும் தடவிக்கொடுக்காது. உயரத்தில், படைமண்டலத்தில் இருக்கும் ஓசோன் புற ஊதாக்கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது. அதே ஓசோன் நாம் சுவாசிக்கும் உயரத்தில் இருந்தால் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குகிறது, ஆஸ்துமா உள்ளவர்களை இழுப்பில் தள்ளுகிறது. இதைத் தவிர, பெட்ரோல் ஆவியிலேயே பென்சீன் இருக்கிறது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று அது. பெட்ரோல் வாசம் பிடிக்கும் என்று வேண்டுமென்றே முகர்ந்து பார்க்கும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருப்பார்கள். வேண்டாம், தம்பி.

எண்ணெய் நிறுவனங்களும் கார் நிறுவனங்களும் ஹாகன் ஸ்மிட் சொன்னதை முதலில் ஏற்கவில்லை. அவர் தவறு என்று காட்ட ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. ஆனாலும் உண்மை நிலைத்தது. 1968இல் அவரே கலிபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு முதல் தலைவரானார். 1970ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து அந்த மாநிலத்தில் தொட்டி ஆவியைப் பிடித்தாக வேண்டும் என்ற விதி வந்தது. மறு ஆண்டு அமெரிக்கா முழுவதும்.

கரிப்பெட்டியின் வேலை

எதைக் கொண்டு பிடித்தார்கள்? கரியைக் கொண்டு. நம்பக் கடினமாக இருக்கலாம், ஆனால் இன்றைக்கும் மைவியிலும் சாகாவிலும் உள்ள கணினிகளுக்கு நடுவே இந்தக் கரிதான் ஆவியைக் காவல் காக்கிறது. எஞ்சின் அறையிலோ பின்புறம் எண்ணெய்த் தொட்டிக்கு அருகிலோ, கருப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். தொட்டியிலிருந்து ஒரு குழாய் அதற்குள் வரும். உள்ளே செயலூட்டிய கரித்துணுக்குகள். பள்ளியில் ‘கார்பன் தெராக்திஃப்’ என்று படித்திருப்பீர்கள். மீன் தொட்டி வடிகட்டியிலும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் கருப்பு மாத்திரையிலும் இருப்பது அதன் உறவுதான்.

சாதாரண அடுப்புக்கரியை நீராவி அல்லது அமிலத்தின் துணையோடு மிகுந்த சூட்டில் பதப்படுத்தினால் அதில் எண்ணிலடங்கா நுண்துளைகள் உண்டாகும். ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் 1000 சதுர மீட்டருக்கு மேல் வரும். ஏழு கிராமில் ஒரு கால்பந்துத் திடல் அடங்கிவிடும்! பெட்ரோல் ஆவியின் மூலக்கூறுகள் இந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. கவனியுங்கள், ‘ஒட்டிக்கொள்கின்றன’ என்றுதான் சொன்னேன். பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். இது அதுவல்ல, பரப்பில் கவர்ந்து வைத்துக்கொள்வது, பரப்புக் கவர்தல். இரசாயன மாற்றம் எதுவும் நடப்பதில்லை. பிடித்து வைப்பது நீங்கள் படிவம் நான்கில் படித்த வான் டெர் வால்ஸ் ஈர்ப்புவிசை, அதாவது மூலக்கூறுகளுக்கு இடையிலான பலவீனமான விசை. பல்லி சுவரில் ஒட்டுவதும் இதே விசையால்தான். பல்லி நினைத்தபோது காலை எடுத்துவிடுகிறது அல்லவா? கரியில் ஒட்டிய ஆவியையும் அப்படி எடுத்துவிட முடியும்.

எடுத்துவிட முடிவதில்தான் இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் இருக்கிறது. கரி பிடித்துக்கொண்டே இருந்தால் சில நாட்களில் நிரம்பிவிடும். பிறகு அது வெறும் பெட்டி. எஞ்சின் ஓடும்போது அதன் காற்று உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைந்திருக்கும். எஞ்சின் சூடானதும் காரின் கணினி ஒரு சிறு வால்வைத் திறக்கிறது. உடனே வெளிக்காற்று கரிப்பெட்டியின் மறுமுனை வழியாக இழுபட்டு, கரியைத் தழுவிக்கொண்டு, ஒட்டியிருந்த பெட்ரோல் மூலக்கூறுகளைக் கூட்டிக்கொண்டு எஞ்சினுக்குள் போகிறது. அங்கே அவை எரிந்து சக்தியாகின்றன. கரி மறுபடி காலி. இரவெல்லாம் பிடித்ததைப் பகலில் எரித்து, பகலெல்லாம் பிடித்ததை மாலையில் வீடு திரும்பும்போது எரித்து, அந்தப் பெட்டி பல ஆண்டுகள் உழைக்கும். மாற்ற வேண்டிய பாகம் என்றே பலர் அதை நினைப்பதில்லை.

இங்கே ஒரு நுட்பம். தேங்காய்ச் சிரட்டைக் கரி தண்ணீர் வடிகட்டிகளுக்குப் பேர்போனது. அதன் துளைகள் மிகமிகச் சிறியவை, பிடித்ததை இறுகப் பிடிக்கும். கார்ப்பெட்டிக்கு அவ்வளவு இறுக்கம் ஆகாது. பெரும்பாலும் மரத்தூளிலிருந்து செய்த, துளை சற்றுப் பெரிதான கரியையே பயன்படுத்துகிறார்கள். பிடிக்கும் திறமையைவிட விட்டுக்கொடுக்கும் திறமைக்கு மதிப்பு அதிகமான இடம் இது.

பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? காற்றுப் புகாத ஓர் அறையில் காரையே வைத்துப் பூட்டி, அறையைச் சூடேற்றிக் குளிரவைத்து, எவ்வளவு ஹைட்ரோகார்பன் சேர்ந்தது என்று அளப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி ஒரு சோதனைக்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அரைத் தேக்கரண்டிப் பெட்ரோல் அளவு. கட்டுப்பாடு இல்லாத காலத்துக் கார்கள் இதே போன்ற சோதனையில் பல பத்துக் கிராம் விட்டன.

எண்ணெய் அடிக்கும்போது வழியும் ஆவிக்கு வேறு வைத்தியம் வேண்டும். ஐரோப்பாவின் பல நிலையங்களில் பம்பின் குழாயே ஆவியை உறிஞ்சித் தரைக்கடியிலுள்ள தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது. அமெரிக்காவில் 1998 மாடல் முதல் காரின் கரிப்பெட்டியையே பெரிதாக்கி, அந்த ஆவியையும் அதிலேயே பிடிக்கிறார்கள். நீங்கள் நிழலில் நெளிவைப் பார்த்தால், அங்கே இரண்டும் நடக்கவில்லை என்று பொருள்.

க்ளிக் சத்தத்துக்குப் பிறகு

கரிப்பெட்டிக்குப் பெரிய எதிரி திரவப் பெட்ரோல். எதிரியை அனுப்பி வைப்பவர்கள் நாம்தான். தொட்டி நிறைந்ததும் குழாய் ‘க்ளிக்’ என்று தானே நின்றுவிடும். அது எப்படித் தெரிந்துகொள்கிறது? குழாயின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெட்ரோல் வேகமாகப் பாயும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுபட்டுக்கொண்டே இருக்கும். தொட்டி நிறைந்து பெட்ரோல் நுனியை மூடியதும் காற்று வருவது நிற்கிறது. உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து ஒரு சவ்வை இழுக்கிறது. சவ்வு விசையை விடுவிக்கிறது. மின்சாரம் இல்லை, கணினி இல்லை, வெறும் காற்றழுத்தம்.

அதற்குப் பிறகும் ‘இன்னும் 50 சென்னுக்கு’ என்று சொட்டுச் சொட்டாக அடிப்பவர்களையும், காரைக் குலுக்கிவிட்டு அடிப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். தொட்டியில் மேலே விட்டிருக்கும் காலியிடம் ஆவி விரிவதற்காக வைத்தது. அதை நிரப்பிவிட்டால் பெட்ரோல் ஆவிக்குழாயில் ஏறிக் கரிப்பெட்டிக்குள் போய்விடலாம். நனைந்த கரியில் ஆவி ஒட்ட இடமேது? எண்ணெய் அடித்த உடனே கார் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்வதும், காருக்குள் பெட்ரோல் வாடை அடிப்பதும் இதனால் வரக்கூடும். மூடியை இறுக்கித் திருகாமல் விடுவதும், மூடியின் ரப்பர் வளையம் வெடித்தபின் அப்படியே ஓட்டுவதும் அடுத்த தவறுகள். அந்த வளையம் ஏன் வெடிக்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து வரும் கார்கள் இந்தக் கசிவைத் தாமே சோதித்து, எஞ்சின் விளக்கைப் போட்டு எச்சரிக்கின்றன. நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், பெட்ரோல் எஞ்சின் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகள் 1996இல் வந்தன. புதிய கார் விதிப்படி வருகிறது, சரி. அதன்பின்? தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பதினைந்து வயதான காரின் கரிப்பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதன் சொந்தக்காரரைத் தவிர யாரும் இல்லை. பட்டறையில் குழாயைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்தாலும் கார் ஓடத்தான் செய்யும். இது என் கருத்து: புகையைப் பார்த்துச் சம்மன் கொடுப்பதற்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியை இதற்குக் காட்டினாலும் போதும்.

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறக்குறையப் பாதி மோட்டார் சைக்கிள்கள். கார்புரேட்டர் வைத்த பழைய கப்சாயில் தொட்டிமூடியின் சிறு துளையும் கார்புரேட்டரின் கிண்ணமும் நேராகக் காற்றுக்குத் திறந்திருக்கும். பிடித்து வைக்கப் பெட்டி இல்லை. இந்தியாவில் 2017 ஏப்ரலில் நடப்புக்கு வந்த பாரத் நான்காம் கட்ட விதிகள் இருசக்கர வண்டிகளுக்கும் ஆவிக்கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தன. செய்ய முடியாத காரியமல்ல.

தோட்டத்து வீடுகளிலும் பழைய தாமான்களிலும் திருட்டுக்குப் பயந்து மோட்டாரை இரவில் வரவேற்பறைக்குள் ஏற்றி வைப்பது வழக்கம். அதே அறையில் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்குவார்கள். ஆவி கனமானது, தரையோடு படரும் என்று தொடக்கத்தில் சொன்னேன். ஜன்னலை அடைத்த அறையில் அது பாயின் உயரத்தில்தான் இருக்கும். கொசுவர்த்திச் சுருளோ சாமி விளக்கோ பக்கத்தில் எரிந்தால் ஆபத்து இரண்டு மடங்கு. புல்வெட்டும் மெசினுக்காகக் குடிநீர்ப் போத்தலில் வாங்கி வைக்கும் பெட்ரோலும் அப்படித்தான். வண்டியை உள்ளே வைத்தே ஆகவேண்டும் என்றால் எஞ்சின் சூடு ஆறியபின் ஏற்றுவதும், தூங்கும் இடத்தை மாற்றுவதும், மெசின் போத்தலை வெளிக்கொட்டகைக்கு அனுப்புவதும் இன்றே செய்யக்கூடியவை. வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

செம்பனை இலையிலும் ஓர் ஆவி

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹைட்ரோகார்பன் ஆவியை விடுவது வாகனம் மட்டுமல்ல, மரமும் விடுகிறது. 2008இல் சபாவில் ஐரோப்பிய, மலேசிய ஆய்வாளர்கள் மழைக்காட்டையும் செம்பனைத் தோட்டத்தையும் அளந்து ஒப்பிட்டு, மறு ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். செம்பனை இலை காட்டைவிடப் பல மடங்கு ஐசோப்ரீனை விடுகிறது என்று தெரிந்தது. ஆம், ரப்பர்ச் சங்கிலியின் கண்ணியான அதே ஐசோப்ரீன். கெடாவில் பால்மரம் நின்ற எத்தனையோ தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது.

அப்படியானால் தோட்டமெல்லாம் ஓசோன் நிறைந்திருக்க வேண்டுமே? இல்லை. ஐசோப்ரீன் தனியாக ஓசோனை உண்டாக்காது. நைட்ரஜன் ஆக்சைடும் வேண்டும். நைட்ரஜன் டைஆக்சைடு வெயிலில் உடைந்து ஓர் ஆக்சிஜன் அணுவை விடுகிறது; அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகிறது. மிச்சமான நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனைத் தின்று பழையபடி நைட்ரஜன் டைஆக்சைடாகிவிடும். கணக்கு சரியாகிவிடுகிறது. ஹைட்ரோகார்பன் நடுவே நுழைந்தால்தான் கணக்கு கெடுகிறது: அதிலிருந்து பிறக்கும் பொருள்கள் நைட்ரிக் ஆக்சைடை முந்திக்கொண்டு மாற்றிவிடுகின்றன, ஓசோன் தின்னப்படாமல் சேர்கிறது. சபா ஆய்வாளர்களின் எச்சரிக்கையும் இதுதான்: நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக இருக்கும்வரை செம்பனைத் தோட்டத்தில் கவலையில்லை, அது தொழில்நாடுகளின் அளவுக்கு ஏறினால் ஓசோன் எகிறும்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை கெடாவின் தோட்டங்களை ஒட்டியும் ஊடறுத்தும் போகிறது. நைட்ரஜன் ஆக்சைடு அங்கே வண்டி வண்டியாக வருகிறது. மரத்தின் ஆவிக்கு மூடி போட முடியாது. அதனால் கரிப்பெட்டியோடு, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியும் காரில் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது. இன்னொன்று: நகரத்து நடுவில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுவதால், காற்று போகும் திசையில் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டப்புறத்தில் ஓசோன் நகரத்தைவிடக் கூடுதலாக இருக்க முடியும். ‘டவுனில்தான் காற்று கெட்டது, எங்கள் தோட்டத்தில் சுத்தம்’ என்பது ஓசோன் விஷயத்தில் எப்போதும் சரியல்ல.

சுற்றுச்சூழல் துறை கெடாவில் அலோர்ஸ்டார், சுங்கைப்பட்டாணி, கூலிம் ஹைடெக், லங்காவி ஆகிய இடங்களில் காற்றை அளக்கிறது. ஐ.பி.யூ. என்று நாம் சொல்லும் குறியீட்டில் ஓசோனும் ஒன்று. புகைமூட்டக் காலத்தில் மட்டும் பார்க்காமல், நல்ல வெயில் நாளில் காலை எட்டு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் ஒரு முறை பாருங்கள். ஓசோன் உச்சத்துக்கு வருவது மதியத்தில், நீங்கள் புறப்பாட நடவடிக்கைக்குத் திடலில் ஓடும் நேரத்தில்.

தோட்டத்தில் இருப்பவர்கள் ஹாகன் ஸ்மிட்டின் வழியில் ரப்பரையே கேட்டுப் பார்க்கலாம். தேநீர்ப் பொட்டலம் கட்டித் தரும் மெல்லிய ரப்பர் வளையங்கள் போதும், எல்லாம் ஒரே கட்டிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். பலகைத் துண்டில் இரண்டு ஆணி அடித்து, வளையத்தை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து மாட்டுங்கள். அதேபோல் இழுத்து மாட்டிய இன்னொன்றை இறுக மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் வையுங்கள். மூன்றாவது வளையத்தை இழுக்காமல் பலகையின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பலகை வெளியே, மழையும் நேர் வெயிலும் படாத நிழலில் இருக்க வேண்டும். வெயிலும் ரப்பரைக் கெடுக்கும் என்பதால் அது சோதனையைக் குழப்பிவிடும். போத்தலையும் அதே நிழலில் வையுங்கள். பெட்ரோலை வைத்து எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. டவுனில் இருக்கும் நண்பர் ஒருவரை அவர் வீட்டிலும் இதையே வைக்கச் சொல்லுங்கள். மூன்று வாரம், இரண்டு நாளுக்கு ஒரு முறை, உருப்பெருக்கிக் கண்ணாடியால் வளையத்தின் குறுக்கே கோடு விழுகிறதா என்று பார்த்து, தேதியையும் அன்றைய மதிய ஐ.பி.யூ.வையும் குறித்து வாருங்கள். முதல் வெடிப்பு எந்த வளையத்தில், யார் வீட்டில் விழும் என்று இருவரும் இப்போதே ஊகித்து நோட்டில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.